வாசல்வரை வந்த அக்கினி

தியானப் பகுதி: அப்போஸ்தலர் 28:1–2, லூக்கா 13:4–5



உங்களில் பலர் என் வாயால் முன்பே கேட்டிருக்கும் ஒரு சம்பவத்தை இந்த வாரம் மறுபடியும் எழுதுகிறேன். இத்தனை ஆண்டுகளாக அதை நான் பாதியாகவே சொல்லிவந்தேன். மீதிப் பாதியை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் நம்முடைய சபையைச் சேர்ந்த வயதான தாயார் ஒருவர். அவர் பள்ளிக்கூடத்துக்குப் போனதில்லை. நான் வேதாகமக் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றவன். ஆகிலும் அவருடைய ஒரே கேள்வி என் பிரசங்கத்தின் அஸ்திபாரத்தை அசைத்துவிட்டது.

சில ஆண்டுகளுக்கு முன்பு, ரீயூனியன் தீவில் வாழும் ஒரு விசுவாசக் குடும்பத்தார் என்னை அழைத்திருந்தார்கள். புதுச்சேரியைப் பூர்வீகமாகக் கொண்ட அவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றவர்கள். பத்து நாட்கள் அவர்களோடு தங்கியிருந்தேன். இந்தியப் பெருங்கடலில், மடகாஸ்கருக்குக் கிழக்கே ஏறக்குறைய 700 கிலோமீட்டர் தொலைவில், மகர ரேகைக்குச் சற்று வடக்கே இருக்கிற தீவு அது. பிரான்ஸ் தேசத்தின் ஒரு மாவட்டமாக அது ஆளப்படுகிறது. நிலத்திலிருந்து பிரிந்துபோன துண்டன்று அது. கடலின் அடித்தரையிலிருந்து நெருப்புக் குழம்பு பொங்கிப் பொங்கி, படிந்து படிந்து, நீர்மட்டத்துக்கு மேலே தலைகாட்டிய மலை. அதன் மிக உயர்ந்த சிகரம் 3,000 மீட்டருக்கும் மேற்பட்டது. அந்தப் பழைய எரிமலை இப்போது உறங்குகிறது. தென்கிழக்கில் இருக்கிற மற்றொன்று உறங்கவில்லை. உலகில் அடிக்கடி பொங்கும் எரிமலைகளுள் அதுவும் ஒன்று. அதன் பெயர் பித்தோன் தெ லா ஃபூர்னேஸ். சூளைச் சிகரம் என்று அதற்குப் பொருள் சொல்லலாம். விழுப்புரம் பக்கத்துச் செங்கல் சூளைகளைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் தானியேலின் புத்தகம் மூன்றாம் அதிகாரம் நினைவுக்கு வந்தது.

அந்தத் தீவு நமக்கு அந்நியமானதன்று. 1848 டிசம்பர் 20-ஆம் நாள் அங்கே அடிமைமுறை ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆட்கள் தேவைப்பட்டார்கள். தோட்ட முதலாளிகளின் பார்வை நம்முடைய கரைகளின்மேல் திரும்பியது. பிரிட்டனும் பிரான்சும் 1861-ல் செய்துகொண்ட உடன்படிக்கைக்குப் பிறகு ஆள் சேர்ப்பு இன்னும் பெருகியது. 1882-ல் அது நிறுத்தப்படும்வரை, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள், அவர்களில் மிகுதியானோர் தமிழர்கள், ஐந்தாண்டு ஒப்பந்தக் கூலிகளாக அங்கே கொண்டுபோகப்பட்டார்கள். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பல் ஏறினவர்களில் தென்னாற்காட்டுக் கிராமத்தாரும் உண்டு. இன்றைய விழுப்புரமும் திண்டிவனமும் அன்றைய தென்னாற்காடுதான். தீவின் தலைநகரான சென் தெனிக்கு அருகில் கிராந்த் ஷாலூப் என்ற இடத்தில், கப்பலைவிட்டு இறங்கினவர்களைத் தொற்றுநோய்க்கு அஞ்சி அடைத்துவைத்திருந்த கட்டடங்களை இன்றும் காணலாம். நான் அங்கே விருந்தாளியாகப் போய் இறங்கினேன். என் மாவட்டத்தார் அங்கே இறக்கப்பட்டார்கள். முதன்முதலில் அவர்களை எதிர்கொண்டது ஒரு பூட்டிய கதவு. ராமசாமி, வீரப்பிள்ளை போன்ற நம் ஊர்ப் பெயர்கள் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் குடும்பப் பெயர்களாக அங்கே இன்றும் வழங்குகின்றன. தமிழ் பேசத் தெரியாத ஒருவர் தம் பெயரைச் சொல்லும்போது அதில் நம் ஊர் ஒலிக்கிறதைக் கேட்டு நான் கலங்கினேன்.

ஒருநாள் விடியற்காலையில் என்னை மலைக்கு அழைத்துச் சென்றார்கள். பசுமையான மேய்ச்சல் நிலங்களைக் கடந்து வண்டி மேலே ஏற ஏற மரங்கள் குறைந்தன. பிறகு புல்லும் இல்லை. செம்பழுப்பு நிறமான மணல்வெளி ஒன்று வந்தது. அதன் முடிவில், 2,300 மீட்டர் உயரத்தில், ஒரு செங்குத்தான பாறைவிளிம்பு. கீழே கறுத்து உறைந்த குழம்பின் கடல். அதற்கப்பால் சிகரம். நம் செஞ்சிப் பாறைகளின் பழமைக்கு முன்பாக அந்தத் தீவு நேற்றுப் பிறந்த குழந்தை. ஆனாலும் அந்த நெருப்புக்கும் நம் தேசத்துக்கும் உறவு உண்டு என்று புவியியலாளர்கள் சொல்லுகிறார்கள். ஏறக்குறைய 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்த இந்திய நிலம் பூமிக்குள்ளிருக்கிற ஒரு வெப்ப ஊற்றின்மேல் வந்தபோது, மகாராஷ்டிரத்தின் கரும்பாறை அடுக்குகள் உண்டாயின. நிலம் நகர்ந்து போயிற்று. ஊற்றோ அணையவில்லை. இன்று அதன்மேல் இருப்பது ரீயூனியன்.

மறுநாள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கு நோக்கிப் போனோம். தமிழ் வம்சாவளியினர் மிகுதியாக வாழும் சென் ஆந்த்ரேயைக் கடந்து, சென் ரோஸ் என்ற ஊராட்சியைச் சேர்ந்த ஒரு சிற்றூரில் வண்டியை நிறுத்தினார்கள். அங்கேதான் நான் உங்களுக்கு அடிக்கடி சொல்லிவந்த ஆலயம் இருக்கிறது.

1977-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். அந்த வருஷம் ஈஸ்டர் ஏப்ரல் 10-ஆம் நாள் வந்தது. வழக்கமாக அந்த எரிமலை பொங்கினால், குழம்பு மனிதர் குடியிராத பள்ளத்துக்குள்ளேயே ஓடிக் கடலில் விழும். இந்த முறை அந்த எல்லைக்கு வெளியே, ஊருக்கு மேலிருந்த சரிவிலேயே நிலம் பிளந்தது. ஆயிரம் டிகிரிக்கும் மேற்பட்ட வெப்பமுள்ள குழம்பு ஊரை நோக்கி இறங்கியது. மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். ஓர் உயிரும் போகவில்லை. ஆனால் வீடுகள் எரிந்தன. சாலை மறைந்தது. குழம்பு ஊரின் நடுவே வந்து, கத்தோலிக்க ஆலயத்தின் தலைவாசலைத் தொட்டு, சற்றே உள்ளே நுழைந்து, நின்றுவிட்டது. பின்னால் வந்த குழம்பு இரண்டாகப் பிரிந்து, சுவர்களின் இருபுறமும் வழிந்து கீழே போயிற்று. இன்றும் கறுத்த பாறை அந்த ஆலயத்தைச் சூழ்ந்து கிடக்கிறது. ஆராதனை தொடர்ந்து நடக்கிறது. எரிமலைக் குழம்பின் அன்னை ஆலயம் என்று அதற்குப் பெயர் வழங்கிவிட்டார்கள்.

நான் அந்தப் பாறையைக் கையால் தொட்டுப் பார்த்தேன். வெயிலில் காய்ந்து சூடாக இருந்தது. படம் எடுத்துக்கொண்டேன். ஊர் திரும்பியதும் அதைப் பிரசங்கித்தேன். எகிப்தில் வாசற்கால்களைக் கண்டு கடந்துபோன சங்காரத் தூதனையும், சூளையில் வேகாத மூன்று வாலிபரையும், குழம்பு தொட்டும் நின்ற ஆலயத்தையும் ஒரே சரடில் கோத்தேன். திண்டிவனத்தில் சொன்னேன், விழுப்புரத்தில் சொன்னேன், கன்வென்ஷன் கூட்டங்களில் சொன்னேன். எங்கே சொன்னாலும் ஜனங்கள் ஸ்தோத்திரம் சொன்னார்கள்.

பிரியமானவர்களே, இனி நம் ஊருக்கு வாருங்கள்.

2024 நவம்பர் 30, சனிக்கிழமை இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. கடந்தும் போகாமல் அங்கேயே தங்கிப் பெய்தது. நம் பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை பதிவானது. அடுத்த இரண்டு நாட்களில் தென்பெண்ணை கரைபுரண்டது. அரசூரில் நெடுஞ்சாலை துண்டிக்கப்பட்டது. முண்டியம்பாக்கத்துக்கும் விக்கிரவாண்டிக்கும் நடுவே ரயில் பாலத்தைத் தொட்டு வெள்ளம் ஓடியது. உங்களில் பலருக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. உங்கள் சுவர்களில் தண்ணீர் நின்ற கோடு இன்னும் இருக்கிறது.

அந்தச் சனிக்கிழமை இரவு பத்து மணியளவில், மின்சாரம் போயிருந்த நேரத்தில், நம் வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் இருவர் எனக்குப் போன் செய்தார்கள். பள்ளத்தெருவில் தண்ணீர் ஏறுகிறது, நான்கைந்து குடும்பங்களை ஆலயத்துக்கு அழைத்துவரலாமா ஐயா என்று கேட்டார்கள். அந்த மாதம்தான் ஆலயத்தில் புது விரிப்புப் போட்டிருந்தோம். மறுநாள் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. சேற்றுக் கால்களோடு இத்தனை பேர் வந்தால் விரிப்பு என்னாகும் என்று ஒரு நினைவு என் மனதில் ஓடியது. அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. "கொஞ்சம் பார்ப்போம் தம்பி, மழை விட்டுவிடும்" என்றேன். சாவி என் தலைமாட்டில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. மழை விடவில்லை. பிள்ளைகள் மறுபடியும் கேட்கவில்லை.

நம் ஆலயத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. தண்ணீர் படிக்கட்டுவரை வந்து வடிந்துவிட்டது. முதல் ஞாயிறு ஆராதனை நடக்கவில்லை. டிசம்பர் 8-ஆம் நாள் கூடினோம். பிரசங்க பீடத்தில் நின்று நான் எதைச் சொன்னேன் என்று நீங்கள் ஊகித்திருப்பீர்கள். அங்கே அக்கினி வாசலில் நின்றது, இங்கே தண்ணீர் வாசலில் நின்றது என்றேன். ஜனங்கள் ஸ்தோத்திரம் சொன்னார்கள். அன்றைக்கு அந்தச் சத்தம் சற்று மெல்லியதாக இருந்ததை நான் கவனிக்கத் தவறினேன்.

ஆராதனை முடிந்து எல்லாரும் கைகுலுக்கிப் போனபின் அந்தத் தாயார் தூணருகே நின்றுகொண்டிருந்தார். பள்ளத்தெருவில் அவருடைய மண்சுவர் வீடு அந்த இரவில் சரிந்துவிட்டது. மருமகளோடும் இரண்டு பேரப்பிள்ளைகளோடும் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் நனைந்தபடி விடியும்வரை உட்கார்ந்திருந்தவர் அவர்.

"ஐயா, கோயிலு தப்பிச்சுதுன்னு சொன்னீங்க, சந்தோஷம். அந்தத் தீவுல வூடு எரிஞ்சுபோனவங்க அப்புறம் எங்க போனாங்க?" என்று கேட்டார்.

அவர் குற்றம் சாட்டவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார். தன்னைப் போன்றவர்கள் அங்கே என்ன செய்தார்கள் என்று அவர் அறிய வேண்டியிருந்தது.

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த ஆலயத்தின் முன் அரைமணி நேரம் நின்றவன் நான். பாறையைத் தொட்டேன், படம் எடுத்தேன். அந்தப் பாறைக்கு அடியில் யாருடைய சமையற்கட்டு இருந்தது என்று யாரையும் கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரியும்படி தப்பி நின்ற ஒன்றைப் பார்த்தேன். தப்பாமற்போன வீடுகளின் மேலே நின்றுகொண்டே அதைப் பார்த்தேன். "தெரியாதம்மா" என்றேன். "சரிங்க ஐயா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலை தீவிலிருக்கிற அந்தக் குடும்பத்தாருக்குப் போன் செய்தேன். அவர்கள் தங்கள் தெருவிலுள்ள ஒரு முதியவரிடம் விசாரித்துச் சொன்னார்கள். அந்த முதியவருடைய தாயார், வீடு எரிந்துபோன ஒரு குடும்பத்தைப் பல மாதங்கள் தம் வீட்டில் வைத்திருந்தாராம். வீட்டில் இடமில்லாமல் ஆண்பிள்ளைகள் எல்லாரும் வெளித்திண்ணையில் படுத்தார்களாம். இதைத்தான் அவர் நினைவில் வைத்திருந்தார். ஆலயம் தப்பிய அதிசயத்தை அவர் கடைசியில்தான் சொன்னாராம், அதுவும் நாங்கள் கேட்டதால்.

அன்றிரவு அப்போஸ்தலர் நடபடிகள் 28-ஆம் அதிகாரத்தைத் திறந்தேன். கப்பல் உடைந்து, 276 பேர் நீந்தியும் பலகைகளைப் பிடித்தும் மெலித்தா தீவில் கரையேறுகிறார்கள். அந்தத் தீவார் நம் தேவனை அறியாதவர்கள். வந்தவர்கள் யார், கைதிகளா, கனவான்களா என்று விசாரிக்கவில்லை. மழையும் குளிருமாயிருந்ததைக் கண்டார்கள். அதுவே அவர்களுக்குப் போதுமான காரணமாயிருந்தது. நெருப்பு மூட்டி, எல்லாரையும் சேர்த்துக்கொண்டார்கள். "எல்லாரையும்" என்ற பொருள்படவே லூக்கா எழுதுகிறார். நான்கைந்து குடும்பங்களுக்கு நான் திறக்காத கதவை, 276 பேருக்கு அவர்கள் திறந்தார்கள். அவர்களிடம் விரிப்பு இருந்ததா என்று வேதம் சொல்லவில்லை.

அன்பான வாசகரே, தேவன் காக்கிறவர் என்பதை நான் இன்றும் விசுவாசிக்கிறேன். குழம்பின் முனை ஆறி இறுகி, பின்வருவது பக்கவாட்டில் பிரிந்துபோவது அதன் இயல்பு என்று விளக்குகிறார்கள். அந்த விளக்கம் என் விசுவாசத்தைக் குறைக்கவில்லை. என் தவறு வேறு இடத்தில் இருந்தது. தப்பியவர் தேவனுக்குப் பிரியமானவர் என்று நான் சொல்லும்போதெல்லாம், சொல்லாமலே இன்னொன்றையும் சொல்லிக்கொண்டிருந்தேன். தப்பாதவரைப் பற்றி என்ன? சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்தபோது, அவர்கள் எருசலேமில் குடியிருந்த மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகள் என்று எண்ணவேண்டாம் என்று நம் ஆண்டவரே தெளிவாக மறுத்துவிட்டார். மறுத்துவிட்டு, கேட்டுக்கொண்டிருந்தவர்களை நோக்கி, நீங்கள் மனந்திரும்புங்கள் என்றார். இந்த வேதபாகத்தை நான் கல்லூரியில் மூலமொழியில் படித்துத் தேர்வு எழுதினேன். அதில் சொல்லப்பட்ட "நீங்கள்" நான்தான் என்பதை அறிய எனக்கு இத்தனை ஆண்டுகள் ஆயிற்று.

சூளையில் போடப்பட்ட அந்த மூன்று வாலிபரும் ராஜாவின் முன் சொன்னதை யோசித்துப் பாருங்கள். தேவன் விடுவிக்க வல்லவர், விடுவிக்காமற்போனாலும் நாங்கள் உமது சிலையைப் பணியமாட்டோம் என்றார்கள். விடுவிக்கப்பட்ட பிறகு பேசின பேச்சல்ல அது. சூளையின் வாசலில், முடிவு தெரியாமல் நின்றபோது பேசினது. வீடு சரிந்த எட்டாம் நாள் நனைந்த வேதாகமத்தோடு ஆராதனைக்கு வந்து தூணருகே நின்ற தாயாரின் விசுவாசம் அந்த வகையைச் சேர்ந்தது. நானோ தப்பிய கட்டடத்தைக் குறித்துப் பெருமை பாராட்டினேன்.

அப்படியானால் ஆலயம் ஏன் காக்கப்பட்டது? எனக்குத் தெரிந்த பதில் இது ஒன்றுதான்: வீடு இழந்தவர்கள் வந்து சேர ஓர் இடம் வேண்டும். காக்கப்பட்டது எதுவும் நமக்குக் கொடுக்கப்பட்ட பரிசுச் சான்றிதழ் அன்று. அது நம் பெயரில் எழுதப்பட்ட கடன். உங்கள் கூரை நின்றதா? கூரை போனவருக்கு நீங்கள் கடனாளி. உங்கள் வேலை நிலைத்ததா, பிள்ளை பிழைத்ததா? ஸ்தோத்திரம் சொல்லுங்கள், பிறகு வாசலைத் திறவுங்கள். திறக்கப்படாத வாசலில் தண்ணீர் நின்றால் என்ன, நெருப்பு நின்றால் என்ன!

1977-ன் அழிவுக்குப் பிறகு, 1979-ல் அந்த மலைமேல் ஓர் ஆய்வகத்தை அமைத்தார்கள். நில அதிர்வையும் தரையின் வீக்கத்தையும் அளந்து, பொங்குமுன் எச்சரிக்கிறார்கள். அதிசயத்தைக் கொண்டாடுவதோடு நிறுத்தாமல், அடுத்த முறைக்கு ஆயத்தமானார்கள். அந்த மலைச்சரிவில் மழைக்கும் குறைவில்லை. ஃபோக்-ஃபோக் என்ற இடத்தில் 1966 ஜனவரியில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் பெய்தது இன்றும் உலக சாதனை. நெருப்பும் வெள்ளமும் அவர்களுக்குப் புதியவை அல்ல. அவை மறுபடியும் வரும் என்று அறிந்தே வாழ்கிறார்கள். நமக்கும் ஐப்பசி, கார்த்திகை ஒவ்வோர் ஆண்டும் வரும்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு முன்பு நான் சபையாரின் முன் நின்று, போனில் நான் சொன்ன பதிலையும், மனதில் ஓடிய நினைவையும் அறிக்கையிட்டேன். அந்த இரண்டு பிள்ளைகளிடமும் மன்னிப்புக் கேட்டேன். இப்போது ஆலயத்தின் சாவி மூன்று. ஒன்று என்னிடம், இரண்டு பள்ளத்தெருவில். அவற்றில் ஒன்று அந்தத் தாயாரிடம் இருக்கிறது. மழை எச்சரிக்கை வந்தால் யாரும் என்னிடம் கேட்கத் தேவையில்லை. அடுத்த மழைக்காலத்தில் இரண்டு இரவுகள் ஆலயத்தில் அடுப்பு எரிந்தது. விரிப்பில் சேற்றின் கறை பிடித்திருக்கிறது. துவைத்தும் முழுவதும் போகவில்லை. ஆராதனைக்கு வரும்போது பாருங்கள், பலிபீடத்துக்கு இடப்பக்கம். நான் அதை மாற்றப்போவதில்லை.

ஜெபம்: காக்கிற ஆண்டவரே, நீர் எங்களுக்கு விட்டுவைத்த கூரைகளுக்காக ஸ்தோத்திரம். அவற்றை எங்களுடையவை என்று எண்ணினதை மன்னியும். மழையும் குளிருமாயிருக்கிற இரவில், கதவைத் தட்டுகிறவர் யார் என்று விசாரியாமல் திறக்கிற இருதயத்தை எங்களுக்குத் தாரும். இழந்தவர்களின் கேள்விகளுக்கு எங்கள் செவிகளைத் திறந்தருளும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.

அவருடைய ஊழியத்தில்,
உங்கள் போதகர்
திண்டிவனம்